தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு

போன மாதம் வங்கி லாக்கருக்குப் போயிருந்தேன். மகளின் கல்யாண நகையை வீட்டில் வைத்துக்கொண்டு தூக்கம் வரவில்லை. அந்த அறைக்குள் நுழைந்ததும் இரும்பும் பழைய எண்ணெயும் கலந்த ஒரு வாசனை. கூட வந்த பெண் அலுவலர், "முடிச்சிட்டுக் கூப்பிடுங்க மேடம்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்க் கனமான கதவை இழுத்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? காலிலிருந்த செருப்பைக் கழற்றிக் கதவிடுக்கில் வைத்தேன். ஐம்பதை நெருங்கும் மனுஷி, பட்டுப்புடவை வேறு. அந்தப் பெண் செருப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "கதவு மூடணுமே மேடம்?" என்றாள். "மூடாதம்மா" என்று மட்டும் சொல்ல முடிந்தது.

பைத்தியம் என்று நினைத்திருப்பாள். உங்களிடமாவது காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அப்பாவை நாங்கள் நைனா என்போம். பட்டாளத்தில் இருந்து திரும்பியவர், ராயபுரத்தில் ஒரு வங்கியில் காவலுக்கு நின்றார். அந்த நாளில் அந்த வேலைக்குச் சொந்தத் துப்பாக்கியும் லைசென்சும் இருக்க வேண்டும். ஆட்டோ ஓட்டுகிறவர் ஆட்டோவை வீட்டுக்குக் கொண்டுவருவதுபோல, நைனா சாயந்தரம் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு பஸ்ஸில் திருவொற்றியூருக்கு வந்து இறங்குவார். கண்டக்டர்கள் அவரிடம் மட்டும் சில்லறை கேட்க மாட்டார்கள். தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, வங்கி வாசலில் ஒரு மூங்கில் கம்போடு நிற்பார். அந்த நாட்களில் வீட்டிலும் யாரையும் அதட்ட மாட்டார். கம்புக்குத் தகுந்த குரல்தான் வரும்.

வீட்டில் துப்பாக்கி இருந்த இடம் பீரோவுக்குப் பின்னால், பழைய போர்வையில் சுற்றி. தோட்டாக்கள் மட்டும் அம்மாவின் டிரங்குப் பெட்டியில். ஒரு ஞாயிற்றுக்கிழமை நைனா ஷேவ் செய்துகொண்டிருந்தார். ஆறு வயதுத் தம்பி செல்வம் பின்னால் இருந்து கூப்பிட்டான்.

"நைனா, இதுல உள்ள பாத்தா ரெண்டு கெணறு தெரியுது."

துப்பாக்கியைத் தரையில் நிறுத்தி, குழல் வாயில் கண்ணை வைத்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே தோட்டா இல்லை என்பது நைனாவுக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். மீதிப் பாதியை அன்று ஷேவ் செய்யவே இல்லை.

அடுத்த வாரமே இரும்புப் பெட்டி வந்தது. யானைக்கவுனியில் தென்மாவட்டத்துக்காரர் ஒருவரின் மொத்த மளிகைக் கடையைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். அங்கிருந்து வாங்கி மீன்பாடி வண்டியில் ஏற்றி வந்தார். என் மார்பளவு உயரம். கதவைத் திறந்தால் பெருங்காய வாசனை. வீட்டுக்குள் இறக்க ஆறு பேர் வேண்டியிருந்தது. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "நம்ம வூட்ல இருக்குற மொத்த சாமானும் இது உள்ள பூடும். அப்பால நாம எங்க தூங்குறது?"

பெட்டியைத் துப்பாக்கிக்கு ஏற்ற மாதிரி மாற்றியவர் வெல்டர் காதர் பாய். பட்டறை அடுத்த தெருவில்தான். மூன்று தட்டுகளையும் அறுத்து எடுத்தார். துப்பாக்கி சாய்ந்து நிற்க ஒரு கொக்கி, தோட்டாவுக்கு மேலே தனிப் பூட்டோடு ஒரு சின்ன டப்பா. துப்பாக்கியில் கீறல் விழாமல் இருக்கச் சுற்றிலும் பச்சைக் கம்பளித் துணியை ஒட்டினார்கள். எங்கள் பக்கம் உப்புக் காற்று. கதவுக் கீல், சைக்கிள் செயின், எதுவும் மிஞ்சாது. துப்பாக்கி துருப்பிடிக்காமல் இருக்க உள்ளே ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு எரிந்துகொண்டே இருக்க வேண்டும் என்றார் நைனா. அதற்காகப் பக்கச் சுவரில் விரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை போட்டு, வயரை விட்டு, ரப்பரால் அடைத்தார்கள். கடைசியாகப் பூட்டு.

"பாய், சாவி போட்டுப் பூட்டுற வேலையே வாணாம். கதவ சாத்துனா அதுவா பூட்டிக்கணும். மன்சன் மறப்பான். பூட்டு மறக்கக் கூடாது."

"செஞ்சிர்லாம் மிலிட்ரி. உள்ள கைய வுட்டுகினு சாத்தாத, அவ்ளோதான்" என்று சிரித்தார் பாய்.

சாவி இரண்டு. ஒன்று நைனாவின் அரைஞாண் கயிற்றில். இன்னொன்று வீட்டில் இருந்தால் தம்பி எடுத்துவிடுவான் என்று வங்கியிலேயே தன் பெட்டியில் வைத்துக்கொண்டார். எனக்கும் ஒரு வேலை கொடுத்தார். "பொட்டி தொறந்து கெடந்துச்சுன்னா யாரையும் கேக்காத. ஒடனே சாத்து." பன்னிரண்டு வயதில் இப்படி ஒரு பொறுப்பு கிடைத்தால் எப்படி இருக்கும்? கொஞ்சம் தலைகால் புரியாமல்தான் திரிந்தேன்.

பெட்டி வேலை முடிந்த மறுநாள் சனிக்கிழமை. துப்பாக்கியையும் தோட்டாவையும் எடுத்துக்கொண்டு நைனா வேலைக்குப் போய்விட்டார். பசை ஈரமாக இருந்ததால் காயட்டும் என்று கதவைத் திறந்து வைத்து, பல்பையும் போட்டுவிட்டுப் போனார். இதை அம்மாவிடம்தான் சொன்னார், என்னிடம் சொல்லவில்லை. எனக்கு அரை நாள் பள்ளிக்கூடம். வீட்டுக்கு வந்தேன். அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். பெட்டிக் கதவு பாதி திறந்திருந்தது. தோளில் பை, கையில் தட்டு. உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் இடுப்பாலேயே தள்ளினேன். 'டக்'கென்று பூட்டிக்கொண்டது. அந்தச் சத்தம் எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

சோறு போட்டுச் சாப்பிட்டேன். இரண்டாம் தரம் குழம்பு ஊற்றிக்கொண்டேன். அது வேறு.

அம்மா வந்து, "சின்னவன் எங்கடி?" என்றாள். தெருவில் பார்த்தோம். பக்கத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த பாபு அண்ணன் பார்க்கவில்லை என்றார். அம்மா கடற்கரைக் கருங்கல் தடுப்பை நோக்கி ஓடினாள். போன வருடம் அங்கே ஒரு பிள்ளை வழுக்கி விழுந்திருந்தது. நான் தம்பியின் செருப்பு இருக்கிறதா என்று பார்க்க வீட்டுக்குள் திரும்பினேன்.

செருப்பு இருந்தது. நிமிர்ந்தபோது பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே தொங்கிய பல்பு வயர் ஆடிக்கொண்டிருந்தது. காற்றில்லை. மின்விசிறியும் ஓடவில்லை. வயர் ஆடியது, நின்றது, மறுபடி வெடுக்கென்று இழுபட்டது.

இரும்பில் காதை வைத்தேன். எங்கோ கிணற்றடியிலிருந்து வருவதுபோல, "அக்கா, தொற."

என்னைப் பயமுறுத்த உள்ளே ஒளிந்துகொண்டிருந்தானாம். நான் சோறு தின்ற நேரமெல்லாம் அவன் தட்டியிருக்கிறான்.

அப்புறம் வீடு முழுக்க ஆட்கள். பாபு அண்ணன் போன் பூத்துக்கு ஓடி வங்கிக்குச் சொன்னார். காதர் பாய் கேஸ் சிலிண்டரோடு வந்தவர், பெட்டியைப் பார்த்ததும் அதைக் கீழே வைத்துவிட்டார்.

"இதுல நெருப்பு வெக்க முடியாது. உள்ள கொழந்த வெந்துடும். பூட்ட தொள போட்டா ஒரு மணிநேரம் ஆவும்." அவர் முகம் சாம்பலாக இருந்தது. "சாவி வர்ற வரைக்கும் காத்து போவணும். அந்த வயர உருவுங்க."

வயரை வெட்டி ரப்பரைப் பிடுங்கினால் ஓட்டை கிடைக்கும். பல்பு அணைந்துவிடும். சுவிட்சை அணைத்தது நான்தான். உள்ளிருந்து வந்த அலறல், இரும்பைத் தாண்டி அத்தனை தெளிவாகக் கேட்டது.

"லைட்ட அணைக்காத! அக்கா! இருட்டா கீது!"

பாய் வயரை வெட்டி உருவினார். பாபு அண்ணன் கடையிலிருந்து கால் பம்பைக் கொண்டுவந்து, ரப்பர் குழாயை அந்த ஓட்டைக்குள் விட்டு மிதிக்க ஆரம்பித்தார். நடுநடுவே குழாயை எடுப்பார். நான் வாயை வைத்துப் பேசுவேன். பசை நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது. அம்மா பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அவளுடைய வளையல் மட்டும் இரும்பில் விடாமல் தட்டிக்கொண்டே இருந்தது.

என்ன பேசுவது? எங்கள் வீடு கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டும் சாலையை ஒட்டியது. வாசலில் உட்கார்ந்து அடுத்த கன்டெய்னர் என்ன நிறம் என்று பந்தயம் கட்டுவது எங்கள் விளையாட்டு. அதையே ஓட்டைக்குள் சொன்னேன். "இப்ப சேப்பு போவுது. இப்ப நீலம். அடுத்தது இன்னா சொல்லு?" என் முகம் இரும்பில் பதிந்திருந்தது, சாலையே தெரியாது. எல்லாம் கற்பனை. அவன் "பச்ச" என்றால் பச்சை வரும். கொஞ்ச நேரத்தில் பதில் மெதுவானது. பிறகு நின்றது. "செல்வம், நீ ஜெயிச்சிட்ட, பச்சதான் வந்துச்சு" என்றேன். பதில் இல்லை. நான் நிறங்களைச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

நைனா வந்தது வங்கியில் வேலை செய்த ஒருவரின் ஸ்கூட்டரில், பின்னால் உட்கார்ந்து, தோளில் துப்பாக்கியோடு. அதை யாரிடமும் ஒப்படைக்க அவருக்கு அனுமதி இல்லை. நகராமல் நின்ற டிரெய்லர்களுக்கு நடுவே புகுந்து வந்திருக்கிறார்கள். சாவியைக் கையில் எடுத்தார். எல்லைக் காவலில் நின்ற கை. சாவி துளையில் நுழையவில்லை. அம்மா பிடுங்கித் திறந்தாள்.

தம்பி மடங்கிக் கிடந்தான். உடம்பெல்லாம் வியர்வை, தலைமுடியில் பச்சைப் பஞ்சு. நைனா தூக்கி வாசலுக்குக் கொண்டுபோய்க் கன்னத்தில் தட்டினார். ஒரு மூச்சு, இன்னொரு மூச்சு. பிறகு நைனாவின் சட்டை முழுக்க வாந்தி எடுத்தான். அந்த வாந்தியைப் பார்த்து ஒரு தெருவே கையெடுத்துக் கும்பிட்டது.

எல்லோரும் கொஞ்சம் அடங்கிய பிறகு நைனா சுவரோரமாக உட்கார்ந்து, வழக்கம்போலத் துப்பாக்கியை மடித்துத் திறந்தார். இரண்டு குழலிலும் தோட்டா இருந்தது. வங்கி வாசலைத் தாண்டும்முன் தோட்டாவை எடுக்காமல் ஒருநாளும் வந்ததில்லை அவர். அன்று அத்தனை குண்டு குழியிலும் தோட்டா நிறைத்த துப்பாக்கியோடு, அத்தனை ஜனத்துக்கு நடுவே வந்திருக்கிறார். அந்த இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "போதும்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

கூடியிருந்தவர்கள் எப்படி நடந்தது என்று கேட்டபோது அவரே பதில் சொன்னார். "பொடியன் அவனே உள்ள பூந்து, இழுத்து மூடிக்கினான்." அன்றிலிருந்து அதுவே கதையாயிற்று. நான் வாயைத் திறக்கவில்லை.

அந்த மாதமே துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு லைசென்சையும் திருப்பிக் கொடுத்தார். துப்பாக்கி இல்லாவிட்டால் அந்த வேலையும் இல்லை. மணலியில் ஒரு குடோனில் டார்ச்சும் விசிலுமாகக் காவல் இருந்தார், பாதிச் சம்பளம். காதர் பாய் கூலி வாங்காமல் வந்து பெட்டியின் கதவைக் கீலோடு அறுத்து எடுத்துப் போனார். கதவில்லாத அந்தப் பெட்டியில் அம்மா அரிசியும் மிளகாயும் வைத்தாள்.

நைனா படுக்கையில் விழுந்த கடைசி வருடம், ஒருநாள் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன்.

"நைனா, அன்னிக்கு அந்தக் கதவ நான்தான் சாத்துனேன்."

"தெரியும்."

"எப்டி?"

"கதவுக்கு உள்பக்கம் புடி எங்க இருந்துச்சு, அவன் இழுத்து மூட?"

முப்பது வருடம். ஒரு வார்த்தை, ஒரு பார்வை, எதுவும் காட்டியதில்லை மனிதர்.

"அப்ப ஏன் அப்டி சொன்ன?"

"ஆறு வயசுப் புள்ளய ஊரு இன்னா சொல்லிடும்? உன்ன சொல்லும். நான்தான சாத்த சொன்னேன்?" என்றார். பிறகு கஞ்சியில் உப்பு இல்லை என்றார்.

அந்த வீடு சாலையை அகலப்படுத்தியபோது போயிற்று. பெட்டியைப் பழைய இரும்புக்காரர் எடைக்கு எடுத்துக்கொண்டார். பாபு அண்ணன் கடை இருந்த இடத்தில் லாரிக்குப் பஞ்சர் ஒட்டுகிறார்கள். பாய் இல்லை, அம்மா இல்லை. வங்கி வாசலில் இப்போது நிற்கிறவர்கள் கையில் பெரும்பாலும் துப்பாக்கியே இல்லை. தம்பி துறைமுகத்தில் வேலை பார்க்கிறான். குடும்ப விசேஷங்களில் பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து, "நானே இழுத்து மூடிக்கினேன், தெரியுமா!" என்று கைகால் ஆட்டிச் சொல்வான். அவனுக்கு அது நிஜமாகவே ஞாபகம் இருக்கிறதாம். ஒவ்வொரு தடவையும் திருத்த வாயெடுத்து மூடிக்கொள்கிறேன். நைனா எனக்காகச் சொன்ன ஒரே பொய் அது. அவர் குரலில் மிச்சம் இருப்பதும் அதுதான்.