ஜெபமாலைக் கணக்கில் உறைந்த செர்ரி

பழக்கடைக்காரருக்குப் பழம் அழுகிவிடுமோ என்று கவலை; எங்கள் தொழிலிலோ பழம் பழமாகவே ஆகாதோ என்று கவலை.

நான் வேலை பார்த்தது ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற வழியில், ஒரு தகரக் கொட்டகையில். எண்பதுகளின் தொடக்கம். கேக்கின் தலையில் வைக்கிற சிவப்புச் செர்ரியை மரமில்லாமல் செய்வதுதான் வேலை. பாகு, கூழ், ஜெல்லி என்று எதையாவது கிளறிக் கை ஒட்டிப்போனவர்களுக்கு என் பாடு புரியும். முதலாளி அருமைநாயகம் சார், பம்பாயில் ஒரு மிட்டாய்க் கம்பெனியில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். கிறிஸ்துமஸுக்குள் ஒரு பெரிய ஆர்டர் பிடிக்காவிட்டால் கொட்டகையை மூடிவிட்டு மறுபடி பம்பாய்க்கே போய்விடுவேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். மூடினால் எனக்கு வேறு போக்கில்லை. இன்றைக்கு ஆளுக்கொரு குடும்பமாக இருக்கும் என் மூன்று பிள்ளைகளும் அன்று பள்ளிக்கூடம் போனது அந்த வேலையால்தான். ஆண்டவரே, இந்தத் தகரத்தைக் காப்பாற்றும் என்று தினமும் வேண்டிக்கொண்டுதான் உள்ளே நுழைவேன்.

காணாமல் போன பழம்

முதலில் பெக்டினில்தான் செய்தோம். ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலிலிருந்து எடுக்கிற தூள் அது. சர்க்கரைப் பாகில் கலந்து, புளிப்புச் சேர்த்துக் குழியச்சில் ஊற்றினால் கண்ணாடி மாதிரி பளபளவென்று வரும். வாயில் போட்டால் அப்படியே கரையும். பெருமையாக ஒரு டப்பா நிரப்பிப் பட்டணத்துக் காதர் பாய் பேக்கரிக்கு அனுப்பினோம். வாயில் கரைவது அடுப்பிலும் கரையுமே என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

காதர் பாய் டப்பாவோடு நேரில் வந்துவிட்டார். முகத்தில் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கேக்குத் தட்டைச் சிவப்பாக நனைத்துவிட்டு எங்கள் பழம் போன இடம் தெரியவில்லையாம். டப்பாவை மேஜைமேல் மெதுவாக வைத்தார். “கிறிஸ்துமஸ் கேக்குக்கு அடுப்புக்குப் பயப்படாத பழமா குடுங்க சார். இது வெயிலைப் பாத்தாலே அழுதுரும்.”

டிரம்முக்குள்ளே

அடுத்து சார் கொண்டுவந்தது அல்ஜினேட். கடல்பாசியிலிருந்து எடுக்கிற மாவு. தண்ணீரில் கரைத்தால் கஞ்சி மாதிரி வழவழவென்று இருக்கும். அந்தக் கஞ்சியைக் கால்சியம் உப்புக் கரைத்த தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விட்டால், விழுந்த உருண்டையாகவே தோல் கட்டிக்கொள்ளும். அப்புறம் சூடு பட்டாலும் இளகாது.

ஒரு டிரம்மில் கொட்டகைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி அந்த மாவைக் கரைத்தோம். கிளறக் கிளறக் கட்டி கட்டியாகத் திரண்டு, கடைசியில் துடுப்பே நகரவில்லை. மாவு மட்டம் என்று சார் தலையில் கைவைத்தார். கை தலையோடு ஒட்டிக்கொண்டது. கழுவப் போனவர், சோப்பைத் தேய்க்கிறார், தேய்க்கிறார், நுரை வரவில்லை. அப்படியே நின்றுவிட்டார். அந்தக் கிணற்றில் ஊறுவது சுண்ணாம்புத் தண்ணீர். சுண்ணாம்பும் கால்சியம்தானே! சொட்டு விடுவதற்கு முன்னாலேயே அது தன் வேலையை டிரம்மிலேயே முடித்துவிட்டது. அன்றோடு கிணற்றை விட்டோம். ஏரித் தண்ணீரை வடிகட்டிக் காய்ச்சி எடுத்துக்கொண்டோம். கூட வேலை செய்த வடக்குப்பட்டுக் குப்பம்மாவுக்கு வாய்க்குப் பூட்டு கிடையாது. டிரம்மை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “இன்னா சார், ட்ரம்மு முழுக்க ஒரே பழமா செஞ்சிகினு கீறீங்க. இத்த வெக்கிற அளவுக்குக் கேக்கு யார் வூட்ல கீது?”

மலை இறங்கி வருகிற சாமி

உருண்டையைக் கால்சியம் தண்ணீர்த் தொட்டியில் எவ்வளவு நேரம் ஊறவிடுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சீக்கிரம் அள்ளினால் நசுங்கும். தாமதித்தால் உள்வரைக்கும் இறுகி ரப்பராகும். சுவரில் கடிகாரம் இருந்தது, ஆனால் பாகு ஆவியில் அதன் முகமே தெரியாது. நான் எப்போதும் உதட்டுக்குள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருப்பவள். மாலையில் ஒரு பத்து மணி, அதாவது பத்து மரியே வாழ்க, சொல்லி முடித்து அள்ளினால் உருண்டை பூப்போல இருப்பதைப் பார்த்தேன். சாரிடம் சொன்னேன். அப்புறம் அதுவே முறையாகிவிட்டது. “மேரியம்மா, பத்து ஆச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் சார் சல்லடையை எடுப்பார்.

எனக்குக் காய்ச்சல் வந்தபோது குப்பம்மா தொட்டியைப் பார்த்துக்கொண்டாள். ஜெபமாலை அவளுக்குத் தெரியாது. அதற்குப் பதிலாகக் குன்றத்தூர் மலைமேல் இருக்கிற முருகனின் பெயர்களையெல்லாம் நிறுத்தி நிதானமாக, ஒன்று விடாமல் சொல்லி முடித்துவிட்டு அள்ளினாளாம். நான் திரும்பி வந்தபோது செர்ரிகள் தரையில் கோலிக்குண்டு மாதிரி எகிறி ஓடிக்கொண்டிருந்தன. காதர் பாய்க்குக் கொண்டுபோக வேண்டிய மாதிரிச் சரக்கு அது. சாருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இனிமேல் பாதியிலேயே நிறுத்திக்கொள் என்றார். குப்பம்மா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். “நிறுத்துறேன் சார். ஆனா பாதிப் படியில நில்லுன்னு முருகன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க, என்னால ஆவாது.”

பாயின் அடுப்பு

மறுபடி செய்து, சாயமும் வாசனையும் ஏற்றி, பாகில் ஊறவைத்து, டப்பாவைப் பச்சைப் பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு மூவரும் பஸ் ஏறினோம். காதர் பாய் எங்கள் கண்ணெதிரிலேயே மாவின்மேல் செர்ரியைப் பதித்து அடுப்புக்குள் தள்ளினார். சார் உட்காரவே இல்லை. இது கரைந்தால் பம்பாய் என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. நான் மாதாவைக் கூப்பிட்டேன். குப்பம்மா முருகனைக் கூப்பிட்டாள், இந்த முறை யாரும் அவளை நிறுத்தவில்லை.

பாய் கதவைத் திறந்தார். பழம் உருண்டையாக நின்றது. நம்பவில்லை, மூடினார். திறந்தார். நின்றது. கரண்டிக் காம்பால் தட்டிப் பார்த்துவிட்டு மறுபடி மூடினார். கருகிய வாசனை வந்த பிறகுதான் வெளியே இழுத்தார். கேக்கு ஓரமெல்லாம் கரி. அதன் நடுவே எங்கள் செர்ரி, மாப்பிள்ளை மாதிரி சிவப்பாக உட்கார்ந்திருந்தது. பாய் அதைப் பிய்த்து வாயில் போட்டு மென்றார். “கேக்கைக் கருக விட்டது என் தொழில்ல இதான் முதல் தடவை” என்றவர், பண்டிகை முடியும்வரை விடாமல் தருவீர்களா என்று கேட்டார். சார் டப்பாவை மார்போடு கட்டிக்கொண்டார். குப்பம்மாதான் பதில் சொன்னாள்: “ஏரி வத்துற வரைக்கும் குடுப்போம் பாய்.”

பூசை முடிந்து

கிறிஸ்துமஸ் காலைப் பூசைக்குப் பிறகு, கோவில் வாசலில் பங்குச் சாமியார் எல்லோருக்கும் கேக்கு கொடுத்தார். காதர் பாய் பேக்கரி கேக்கு. என் துண்டின்மேல் முழுதாக ஒரு செர்ரி! அதன் பக்கவாட்டில் சின்ன வால் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. சொட்டு விடும்போது என் கை சற்றுத் தயங்கினால் வருகிற வால் அது. பெற்ற பிள்ளையைத் திருவிழாக் கூட்டத்தில் பார்த்ததுபோல் இருந்தது.

சொல்லலாமா, பெருமையடித்ததாகிவிடுமா என்று நான் யோசித்துக்கொண்டே நிற்க, பக்கத்து வீட்டு ரோசலின் அக்கா என் கேக்கைப் பார்த்துவிட்டுக் காதோரம் குனிந்தார். “காஷ்மீர் பழம் மேரி. மெதுவா சாப்பிடு, இதெல்லாம் நம்ம பக்கம் விளையாது.”

மரமும் இல்லை, பூவும் இல்லை, அணில் தொல்லையும் இல்லை. ஆனாலும் பண்டிகைக்குப் பிறகும் பாய் சரக்குக் கேட்டதால் கொட்டகையை மூடாமல், அந்தத் தை தொடங்கி வருஷம் முழுக்க எங்களுக்கு அறுவடைதான்.