சட்டையோடு எடுத்த படம்

அம்மா இறந்த மூன்றாம் நாள், ஃபிரேம் போட ஒரு படம் வேண்டும் என்று மாமா கேட்டார். வீட்டில் இருந்த படங்களை எல்லாம் எடுத்துத் தரையில் பரப்பினேன். ஆதார், வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு மூன்றிலும் யாரோ அதட்டி உட்கார வைத்த மாதிரி விறைத்துப் பார்க்கிறாள். மகளிர் குழுப் படத்தில் கடைசி வரிசையில் பாதி முகம். சொந்தக்காரர் கல்யாண ஆல்பத்தில் இரண்டு. ஒன்றில் கண்ணை மூடியிருக்கிறாள், இன்னொன்றில் பந்தியில் குனிந்து சாப்பிடுகிறாள். ஆக மொத்தம் ஆறு. ஏழாவது என் போனில் இருந்தது. அதைக் கடைசியாகத்தான் காட்டினேன்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு தை மாதத்தில், பாடாலூர் பக்கம் மக்காச்சோளக் காட்டில் எடுத்தது. புடவைக்கு மேல் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை, நீலக் கட்டம் போட்டது. தலையில் துண்டு. வாய் நிறையச் சிரிக்கிறாள். ஒரு கை நெஞ்சில் இருக்கிறது.

மக்காச்சோளத் தோகை பிளேடு மாதிரி அறுக்கும். சுணை பட்டால் நாள் முழுக்க அரிக்கும். அதனால் எங்கள் பக்கம் கூலி வேலைக்குப் போகும் பெண்கள் வீட்டு ஆண்களின் பழைய சட்டையைப் புடவைக்கு மேல் போட்டுக்கொள்வார்கள். பாதுகாப்பு உடை என்ற அளவில் அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் சாலையில் தூரத்தில் வரும்போதே, இவள் அடுத்தவர் காட்டில் வேலை செய்கிறவள் என்று அந்தச் சட்டை சொல்லிவிடும். எங்களுக்குத் தலைமுறை தலைமுறையாக ஒரு குழி நிலம் கிடையாது.

பெரம்பலூரில் பிளஸ் டூ படிக்கும்போது அம்மாவுக்குச் சில விதிகள் போட்டேன். சட்டையோடு பள்ளிக்கூடத்துக்கு வரக்கூடாது. சட்டையோடு பஸ் ஸ்டாண்டில் நிற்கக்கூடாது. காலேஜ் சேர்ந்த பிறகு இன்னொன்று கூட்டினேன்: தோழிகள் வீட்டுக்கு வரும் நாளில் கொடியில்கூடச் சட்டை தொங்கக்கூடாது. ஏன் என்று அவள் கேட்கவில்லை. “சரி பாப்பா” என்றாள். நான்காவது விதியை அவளே போட்டுக்கொண்டாள். காட்டு வரப்பில் என் தலை தெரிந்தாலே சட்டையைக் கழற்ற ஆரம்பித்தாள்.

அன்றைக்கும் அதுதான் நடந்தது. வீட்டுச் சாவி வாங்கப் போயிருந்தேன். “இரு பாப்பா, சட்டையக் கழட்டிக்கிறேன்” என்று சிரித்துக்கொண்டே முதல் பட்டனைக் கழற்றினாள். இரண்டாவதில் கை வைத்தபோது படம் எடுத்தேன். நெஞ்சில் இருக்கும் கை அதுதான். பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது என்று நினைத்திருந்தேன்.

நான் அரியலூரில் ஒரு சோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். கான்கிரீட் கட்டிகளை இயந்திரத்தில் வைத்து நசுக்கி, எவ்வளவு பாரத்தில் உடைகிறது என்று எழுதும் வேலை. அங்கே திருச்சியிலிருந்து வரும் ஒரு பெண் ஜீன்ஸுக்கு மேல் தொளதொளவென்று ஆண்கள் சட்டை போடுவாள். அதே நீலக் கட்டம். செம ஸ்டைல் என்பார்கள். நன்றாகத்தான் இருக்கும். எந்தக் காட்டிலிருந்து வருகிறாய் என்று அவளை யாரும் கேட்கப் போவதில்லை. நான் போடுவது கஞ்சி போட்டு இஸ்திரி செய்த காட்டன் குர்தி, இரண்டு பக்கமும் பின் குத்திய துப்பட்டா. டீச்சர் மாதிரி இருக்கீங்க என்பார்கள். அதை என்னுடைய ரசனை என்றே பல வருடம் நம்பியிருந்தேன்.

மாமாவும் நானும் பெரம்பலூரில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனோம்.

“மொகம் நல்லா வந்துருக்குக்கா. சட்டைய எடுத்துட்டுப் பட்டுப்புடவை போட்டுர்லாம்” என்றார் கடைக்காரர். அவருடைய கம்ப்யூட்டரில் தலையில்லாத உடம்புகள் வரிசையாக இருந்தன. மெரூன், பச்சை, மாம்பழ மஞ்சள். எல்லாக் கழுத்திலும் இரட்டைவடச் சங்கிலி.

“அந்தக் கை?” என்றேன்.

“கை வராதுக்கா. கழுத்துக்குக் கீழ எல்லாம் நம்மளுது.”

“பச்சையப் போடுங்க தம்பி” என்றார் மாமா. “நாலு பேரு வந்து போற எடம். புள்ள இன்ஜினியரு. கூலிக்காரி மாதிரியா மாட்டி வெக்க முடியும்?”

அந்தக் கை இல்லாமல் போவதில் எனக்கு நிம்மதி இருந்தது. மாதிரிக்கு ஒரு சின்னப் பிரிண்ட் வாங்கிக்கொண்டு வந்தோம்.

ஒன்பதாம் நாள், அம்மாவோடு சேர்ந்து வேலைக்குப் போகிற ஐந்து பேர் துக்கம் கேட்க வந்தார்கள். பருத்தி எடுத்துவிட்டு நேராக வருகிறார்கள் என்பது தெரிந்தது. வாசலுக்கு வருமுன் நின்று, ஒவ்வொருவராகச் சட்டையைக் கழற்றி எதிர்வீட்டு மதிலில் போட்டார்கள். நான் ஓடினேன்.

“சட்டையோடயே வாங்க பெரியம்மா.”

“இருக்கட்டும் பாப்பா” என்றார் மூத்தவர். “ஒனக்குப் புடிக்காதுன்னு ஒங்கம்மா சொல்லியிருக்கா.” அவர் குரலில் குத்தல் எதுவும் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது போலச் சொன்னார்.

உள்ளே வந்து அந்தப் பிரிண்டைப் பார்த்தார்கள்.

“யாருடி இது?”

“இவ எப்படி இவ்ளோ செவப்பானா? வெள்ளையடிச்சில்ல வச்சிருக்கான்!”

“சங்கிலியப் பாரு, ரெட்டவடம். இதப் போட்டுக்கிட்டுத்தான் நம்மகிட்ட வெத்தலைக்குக் கை நீட்டுனாளா, கள்ளி?”

சிரித்தார்கள். சிரித்தபடியே ஒருவர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். நான் போனில் இருந்த படத்தை எடுத்துக் கொடுத்தேன். அது கைமாறிப் போகப் போகச் சிரிப்பு அடங்கியது.

“இதான் அவ” என்றார் ஒருவர்.

“கையப் பாரேன்” என்றார் வந்தவர்களில் இளையவர். “பட்டனக் கழட்டப் போறா.”

மூத்தவர் போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். “நீ வந்துருப்ப பாப்பா. ஒன்னயக் கண்டாத்தான் அவ இப்படி அவசரப்படுவா.”

டீ குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். மதிலில் இருந்த சட்டைகளை எடுத்து அங்கேயே மாட்டிக்கொள்ளாமல், தெருமுனை வரை கையில் கொண்டுபோய்த்தான் போட்டுக்கொண்டார்கள்.

மறுநாள் மாமாவுக்குப் போன் செய்து, சட்டைப் படத்தையே ஃபிரேம் போடுவோம் என்றேன். திட்டினார். அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அப்பாவிடம் சொல்லக் காரணங்களை வரிசையாக யோசித்து வைத்திருந்தேன்: அது அவள் உடம்பு இல்லை, அது அவள் நிறம் இல்லை, அது அவள் சிரித்த இடம் இல்லை. அப்பா அந்தப் பச்சைப்புடவைப் பிரிண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்திருந்தார்.

“இதே இருக்கட்டும்” என்றார்.

“அப்பா, ஒடம்பு யாரோடதோப்பா.”

“தெரியுதும்மா. கல்யாணத்துக்கே நூல் பொடவைதான். பட்டு அப்பறம் எடுக்கலாம் எடுக்கலாம்னே போயிடுச்சு. இதுலயாவது கட்டிக்கட்டும்.”

வரிசையாக வைத்திருந்த மூன்று காரணங்களும் அதோடு போயின. அவள் மேல் இருந்த ஒரு துணியைக் கழற்ற வைத்தவள் நான். இன்னொன்றையும் கழற்று என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் பச்சைப் பட்டுதான் மாலையோடு கூடத்தில் மாட்டப்பட்டது. வந்தவர்கள் லட்சணமாக இருக்கிறாள் என்றார்கள்.

இப்போது காலையில் பீரோவைத் திறந்து நின்றால் நேரமாகிறது. உள்ளே ஒன்பது குர்திகள் இருக்கின்றன. நானும் ஒரு கட்டம் போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனால் எல்லாம் நேராகிவிடும் என்று நினைக்கவில்லை. அவள் வெயிலுக்கும் சுணைக்கும் போட்டதை நான் மின்விசிறிக்கு அடியில் போட்டால் அது வேஷம். இந்தக் குர்திகள்தான் என் உடை. எதை மறைக்க வாங்கினேன் என்பது தெரிந்தே ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்கிறேன். யாராவது கேட்டால், அம்மா சோளக்காட்டுக்கும் பருத்திக்காட்டுக்கும் கூலிக்குப் போனவள் என்று சொல்லிவிடலாம் என்றுதான் இருக்கிறேன். இதுவரை யாரும் கேட்கவில்லை.

நான் கிளம்பும் நேரத்தில் அப்பா படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருப்பார். போயிட்டு வரேன் என்று அவரிடம் மட்டும் சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போகிறேன்.