அழிக்காமல் விட்ட கோடு

கல்லூரி மைதானத்தில் முப்பத்தோரு வருடம் கோடு போட்டவர் அப்பா. மாணவர்கள் வைத்த பெயர் அடிஸ்கேல். இரண்டு முளை, ஒரு நூல்கண்டு, அளவு நாடா, பெயிண்ட் வண்டி. மூலை மட்டத்துக்கு மூன்று, நான்கு, ஐந்து மீட்டர் அளந்து முக்கோணம் பிடிப்பார். வீட்டிலும் அதே கதைதான். "உங்கப்பா தூங்கும்போதுகூடச் சுவருக்கு நேராத்தான்டா படுப்பாரு" என்பாள் அம்மா.

மகன் அதே கல்லூரியில் கட்டடப் பொறியியல் படித்தான். கடைசி வருடத்தில் ரக்பி அணித் தலைவன். எழுவர் ரக்பிப் போட்டி அந்த வருடம்தான் முதன்முறையாக அங்கே நடந்தது. எட்டுக் கல்லூரிகள் வந்திருந்தன. பாதிக்கு ஏழு நிமிடம். எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் ஐந்து புள்ளி.

சிக்கல் அந்தக் கோட்டில் இருந்தது. மைதானத்தில் கால்பந்துக் கோடுகள் ஏற்கனவே இருந்தன. ரக்பிக்கு நீளம் அதிகம். ஆகவே ரக்பியின் கடைசிக் கோட்டுக்கு ஐந்து மீட்டர் முன்னால் கால்பந்தின் கடைசிக் கோடு கிடந்தது. இரண்டும் வெள்ளை.

போட்டியன்று காலையில் அப்பா பச்சைப் பெயிண்ட் டப்பாவோடு வந்தார்.

"பழைய கோட்டை மறைச்சிடறேன்ப்பா. காயறதுக்கு ஒரு மணி நேரம் போதும்."

"ஒரு மணி நேரமா? நாங்க எங்கே போய் ஓடிப் பழகறது? ஜெர்ஸியெல்லாம் பச்சையாயிடும்."

"ஓடற வேகத்துல கண்ணு ஏமாத்திடும்டா."

"ஆடப்போறது நாங்கதானே? எங்களுக்குத் தெரியாத கோடா? எடுத்துட்டுப் போங்கப்பா."

அப்பா டப்பாவை மூடினார். அணித் தலைவன் சொன்னால் சரி.

இறுதி ஆட்டம்வரை வந்துவிட்டார்கள். கடைசி நிமிடத்தில் இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தபோது பந்து மகன் கைக்கு வந்தது. இடது ஓரமாகப் பிய்த்துக்கொண்டு ஓடினான். குறுக்கே ஈ காக்கை இல்லை. வெள்ளைக் கோட்டைத் தாண்டிப் பாய்ந்து, பந்தைத் தரையில் அழுத்தி, அங்கேயே விட்டுவிட்டு எழுந்து இரண்டு கைகளையும் தூக்கினான்.

விசில் வரவில்லை. அவன் தாண்டியது கால்பந்துக் கோடு. பின்னால் வந்த எதிரணிக்காரன் பந்தைப் பொறுக்கிக்கொண்டு மறுமுனைக்கு ஓடினான். அவன் போய்ச் சேரும்வரை மகன் கைகளை இறக்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும் கோச் அப்பாவைக் கூப்பிட்டார். சுற்றிலும் கூட்டம்.

"பழைய கோட்டை ஏன்யா அழிக்கலை?"

"பெத்த பிள்ளைக்கே குழி வெட்டிட்டாருப்பா அடிஸ்கேல்!" என்றது ஒரு குரல். சிரிப்பு எழுந்தது.

அப்பா மகனைப் பார்த்தார். மகன் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தான். அது ஏற்கனவே அவிழ்ந்துதான் கிடந்தது.

"மறந்துட்டேன் சார்" என்றார் அப்பா.

அதற்குப் பிறகு பெரிய போட்டிகளுக்கு வெளியாட்கள் வந்து கோடு போட்டார்கள். அப்பா அவர்களுக்கு நூலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகன் வேலை கிடைத்து வேறு ஊர் போனான். விடுமுறைக்கு வந்தபோது அந்தக் கோட்டுப் பேச்சு இரண்டு தடவை வாய்வரை வந்தது. இரண்டு தடவையும் மழையைப் பற்றிப் பேசினான்.

ஒன்பதாவது வருடம் அப்பா இறந்தார். மாரடைப்பு. கோச் துக்கம் விசாரிக்க வந்து கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தங்கமான மனுஷன். ஒரே ஒரு நாள்தான் சறுக்கிட்டாரு."

"அவரு மறக்கலை சார். அழிக்கறேன்னுதான் வந்தாரு. நான்தான் வேண்டாம்னேன்."

கோச் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "விடுப்பா, எந்தக் காலத்துக் கதை" என்று எழுந்து, வாசலில் செருப்பைத் தேடினார்.

அம்மா சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"எப்படிம்மா?"

"அன்னைக்கே சொன்னாரு. 'அவன் நாளைக்குப் போய் கோச்கிட்ட சொல்லிடுவான் பாரு'ன்னாரு. மறுநாள் கேட்டேன், சொன்னானான்னு. 'இன்னைக்கு அவனுக்குப் பரீட்சை'ன்னாரு. அதுக்கு மறுநாளும் கேட்டேன். 'கோச் லீவு'ன்னாரு."

காலி டம்ளரை எடுத்துக்கொண்டாள்.

"அப்புறம் நான் கேக்கறதை விட்டுட்டேன்."