சாலு

எங்கள் கம்பெனி கேட் என்ன நிறம் என்று தீர்த்தகிரி அண்ணன் கேட்டபோது பஸ்ஸில் எல்லாரும் சிரித்தோம். ஏழு வருஷமாக தினமும் நுழைகிற கேட். நீலம் என்று அடித்துச் சொன்னேன். இறங்கிப் பார்த்தால் பச்சை. அன்று முழுக்க எனக்கு எரிச்சல்.

அண்ணன் ஊத்தங்கரைக்காரர். ஓசூரில் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் வேலை. பத்தாம் வகுப்போடு புத்தகத்துக்குக் கும்பிடு போட்டவர். நாற்பத்திரண்டு வயதில், பஸ் ஸ்டாண்ட் பக்கம் மழைக்கு ஒதுங்கிய கடையில், மனிதன் ஏன் தப்புத் தப்பாக யோசிக்கிறான் என்று விளக்கும் புத்தகம் ஒன்று கையில் அகப்பட்டது. அன்று பிடித்தது பைத்தியம். ஒன்று முடிந்தால் அதே மாதிரி இன்னொன்று. பாகலூரிலிருந்து வரும் கம்பெனி பஸ்ஸில் வாசித்துத் தனியாகச் சிரிப்பார். தரச் சோதனையில் இருக்கும் நான்தான் பக்கத்து சீட்.

"சுகுணா, இத கேளு. மனசு எத எதிர்பாக்குதோ அதத்தான் காது கேக்குதாம்."

"நல்லா இருக்குணா. என் டிபன் பை மேல உக்காந்திருக்கீங்க, எந்திரிங்க."

அந்த வரிதான் அவரை 'சாலு'வில் கொண்டுபோய் நிறுத்தியது. டை என்கிற இரும்பு அச்சை மாட்டும்போது பிரஸ்ஸின் மேல்பாகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவார்கள். முன்னால் அண்ணன் பட்டனை அழுத்துவார். பின்னால் குனிந்து பார்த்து ஹெல்பர் ஆஞ்சப்பன் குரல் கொடுப்பான். ஒருவருக்கு ஒருவர் முகம் தெரியாது. ஆஞ்சப்பனுக்கு வேப்பனப்பள்ளி, வீட்டில் தெலுங்கு. அவனுக்கு 'சாலு' என்றால் போதும். ஷாப்பில் கன்னடக்காரரும் இந்திக்காரரும் 'மெஷின் சாலு பண்ணு' என்பார்கள். அவர்களுக்கு அது 'ஓட்டு'. அண்ணன் சொன்ன பிறகுதான் அதில் இருக்கும் ஆபத்து எனக்கு உறைத்தது.

சூப்பர்வைசர் ராஜ்குமாரிடம் போனார். "பின்னாடியும் ஒரு ஸ்டாப் பட்டன் வெச்சுக் குடுங்க சார்."

"பன்னெண்டு வருஷமா ஒண்ணும் ஆவல. இப்ப என்னா புதுசா?"

"ஒண்ணும் ஆவலன்றதுதான் சார் பயமே."

பட்டன் வரவில்லை. அண்ணனே ஒரு தாளில் 'சாலு என்றால் ஓட்டு, போதும் என்றால் நிறுத்து' என்று எழுதித் தூணில் ஒட்டினார். ஆஞ்சப்பன் பள்ளிக்கூடப் பையன் மாதிரி மனப்பாடம் செய்தான். டீ ஊற்றும்போதுகூட 'போதும், போதும்' என்பான், எல்லாரும் கேலி செய்வோம். இரண்டு மாதம் ஒரு தடவையும் பிசகவில்லை. அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கு மட்டும் அந்தத் தாளைப் பார்க்கும்போதெல்லாம் என்னவோ செய்தது. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.

ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி. டையில் ஆஞ்சப்பனின் கையுறை சிக்கிக்கொண்டது.

"சாலு! சாலு!"

அலறல் தரச் சோதனை மேஜையில் இருந்த எனக்கே கேட்டது. அண்ணனுக்குச் சொல் மட்டும்தான் கேட்டது. தாளில் எழுதியிருந்தபடி பட்டனை அழுத்தினார்.

வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் ஆஞ்சப்பன் கட்டுப் போட்ட கையை மறைத்துக்கொண்டு, "நாந்தாண்ணா மறந்து தப்பா சொல்லிட்டேன்" என்றான். அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுதார்.

மறுநாள் அவர் முடிக்காமல் விட்ட புத்தகத்தை என்னிடம் கொடுத்தார். இனி அதைத் தொடமாட்டாராம். கேட் பாஸ் சீட்டை அடையாளமாக வைத்திருந்தார். பதினோரு பக்கம் பாக்கி. பஸ்ஸிலேயே வாசித்தேன். அதில் மூன்றாவது பக்கத்தில் இருந்தது: உயிர் பயம் வந்தால் கற்றுக்கொண்டதெல்லாம் ஓடிப்போகும், வாயில் வருவது அம்மா பேசிய பேச்சுதான். புத்தகத்தை மூடி டிபன் பைக்கு அடியில் வைத்தேன்.

ஒரு வாரம் கழித்து அண்ணன் கேட்டார்.

"மிச்சத்துல என்னாம்மா போட்டிருந்தது?"

"ஒண்ணுமில்லணா. சொன்னதையேதான் திரும்பச் சொல்றாங்க."