லூர்த்தம்மா பெயர் கொடுத்த ஆண்டு

குருநகர் லூர்த்தம்மாவுக்குப் பல்கலைக்கழகத்தில் மண்டபம் கூட்டுகிற வேலை. மாதத்தில் ஒரு வியாழக்கிழமை பின்னேரம் அங்கே வெளிநாட்டுப் படம் போடுவார்கள். யன்னல்களுக்குக் கறுப்புச் சீலை கட்டுவதும், எல்லாம் முடிந்தபின் பூட்டுவதும் அவள் பொறுப்பு. படம் ஒன்றரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு வருகிற விவாதம்தான் லேசில் முடியாது. "ஆரும் கதைக்கலாம்" என்று விரிவுரையாளர் மகாதேவி ஒவ்வொரு முறையும் அறிவிப்பார். கதைப்பது என்னவோ அதே நாலு பேர்தான்.

அவள் புருசன் செபநாயகம் எண்பத்தாறில் கடலுக்குப் போனவன், திரும்பவில்லை. வள்ளமும் கிடைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை. நவம்பரில் இறந்தோர் திருநாளுக்கு ஊரே செத்தவர்களின் பெயர்களைக் கோயிலில் எழுதக் கொடுக்கும். லூர்த்தம்மா கொடுக்கமாட்டாள். கடலில் நிற்பவர்களுக்கான மன்றாட்டில்தான் மூன்று வருடமாக அவன் பெயரைச் சேர்த்து வந்தாள். பூசை இல்லாமல் மகனின் ஆத்துமா அலைகிறதென்று மாமி அருமைநாயகி அழுதாள். பெயரைக் கொடுத்தால் தன் கையாலேயே அவனைக் கொன்றதாகிவிடும் என்று மருமகள் பயந்தாள். ஒரே வீட்டில் இருவரும் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

எண்பத்தொன்பது ஒக்டோபரில் போட்ட படத்தில், கடலில் காணாமற்போன புருசனுக்கு ஒரு பெண் தினமும் கோப்பையில் சாப்பாடு போட்டு வைக்கிறாள். கடைசியில் ஒருநாள் தன்னுடையதும் அவனுடையதுமான இரண்டு கோப்பைச் சாப்பாட்டையும் தானே சாப்பிட்டு முடிக்கிறாள். அவ்வளவுதான் படம்.

அது வர்க்கத்தின் பசி என்றான் மாணவன் பஞ்சலிங்கம். மனநோய் என்றான் இன்னொருவன். அரை மணித்தியாலம் இழுபட்டது. பூட்டுவதற்குத் திறப்போடு கதவடியில் நின்ற லூர்த்தம்மாவை மகாதேவி ஒரு மரியாதைக்குக் கேட்டார்.

"நீங்கள் என்ன நினைக்கிறியள், அக்கா?"

"அவவுக்கு விசரில்லை, மிஸ். அண்டைக்குத்தான் அவவுக்கு ஆள் செத்தது."

"அவன் போய்க் கனகாலமெல்லே?" என்றான் பஞ்சலிங்கம்.

"ஓம் தம்பி. கடலிலை அது அப்பவே முடிஞ்சுது. அவவுக்கு இப்பத்தான்."

பஞ்சலிங்கம் அதைக் கொப்பியில் குறித்துக்கொண்டான். தன் வாயால் என்ன சொன்னோம் என்பது லூர்த்தம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை அவளாகவே மாமியைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். பெயர் எழுதுகிற கிறகோரி, செபநாயகம் என்று எழுதிவிட்டுக் கேட்டார்.

"செத்த திகதி?"

"போன வியாழக்கிழமை," என்றாள் லூர்த்தம்மா.

கிறகோரி பேனையைத் தூக்கிப் பிடித்தபடி கிழவியைப் பார்த்தார்.

"அவள் சொல்லுறபடி எழுதுங்கோ," என்றாள் அருமைநாயகி.