ஐந்தாம் பாகம்

என் தங்கை கல்லூரியில் சேர்ந்த வருஷம் ஓர் ஆங்கில நாவல் வரிசையைப் பிடித்துக்கொண்டாள். அதில் பெருநகரம் ஒன்றின் தெருக்களுக்குள்ளேயே பேய்களும் மாயாவிகளும் வாழும் இன்னொரு நகரம் மறைந்திருக்கும். வரம் பெற்ற சில பிள்ளைகளின் கண்ணுக்கு மட்டும் அது தெரியும். திருவள்ளூரிலிருந்து ரயிலில் போகும்போதெல்லாம் எனக்குக் கதை சொல்லிக்கொண்டே வருவாள். "இந்தப் பாலத்துக்கு அடியில ஒரு வாசல் இருக்குதுன்னு வெச்சுக்கோக்கா" என்பாள். நானும் எட்டிப் பார்ப்பேன்.

நான்காம் பாகத்தில் இருந்தபோது எழுத்து கலங்குகிறது என்றாள். கண்ணாடி மாற்றியும் சரியாகவில்லை. விழித்திரை நோய், பரம்பரையாக வருவது, சிகிச்சை கிடையாது என்று சென்னையில் டாக்டர் சொன்னார். எனக்கு அது வரவில்லை.

ஐந்தாம் பாகம் வந்தபோது அவளால் படிக்க முடியவில்லை. கும்மிடிப்பூண்டியில் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் மணவாள நகர் வீட்டுக்கு வந்ததும், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டுவேன். கதாநாயகியின் தம்பிக்கும் மறைந்த நகரத்தைக் காணும் அந்தப் பார்வை கிடைக்கிற இடம் வந்தது. தங்கை தடவிப் பார்த்துப் புத்தகத்தை மூடினாள்.

"இன்னாத்துக்குக்கா இது? இல்லாத ஊரெல்லாம் எனக்குத் தெரிய வேணாம். நம்ம தெரு தெரிஞ்சா போதும்."

"புது மருந்து கண்டுபிடிப்பாங்கடி."

"எப்போ?"

நான் புத்தகத்தை எடுத்து அலமாரியில் வைத்தேன். மிச்சப் பக்கங்களை நானும் படிக்கவில்லை. போன மாதத்திலிருந்து என் முகமும் அவளுக்குத் தெரிவதில்லை. குரல் கொடுத்த பிறகுதான் என் பக்கம் திரும்புகிறாள்.