ஆம்ப் சரியாத்தான் இருக்குங்க

கிட்டார் ஆம்ப்ளிஃபயரை அளக்கிற தொழிலில் முதலில் பழகிக்கொள்ள வேண்டியது, "இதையெல்லாமா அளப்பாங்க?" என்ற கேள்விக்கு. எங்களைப் போல வீட்டு முன்னறையிலேயே தொழில் நடத்துகிறவர் என்றால் உங்களுக்கும் இப்படி ஒரு கேள்வி இருக்கும். கேட்டுக் கேட்டுச் சலித்திருப்பீர்கள். கடத்தூரில் என் கணவர் முருகேசன் மரப்பெட்டி அடித்து ஆம்ப் செய்கிறார். சர்ச்சுகளும் கச்சேரிக் குழுக்களும் வாங்குகின்றன. உள்ளே போகிற ஸ்பீக்கர், டிரான்ஸ்ஃபார்மர், கெபாசிட்டர் ஒவ்வொன்றும் எந்தச் சத்தத்தை முழுசாக விடுகிறது, எதை விழுங்குகிறது என்று அளந்து, கம்ப்யூட்டரில் கோடாகப் பார்ப்பது என் பங்கு.

தண்ணி வராத மோட்டார்

அளப்பதற்கு ஒரு சத்தம் விட வேண்டும். லாரி உறுமலாகத் தொடங்கி, விசிலாகி, கொசு ரீங்காரமாக மேலே போய் மறையும். ஒரு தடவை விட்டால் போதாது. மைக்கைக் கொஞ்சம் நகர்த்தி மறுபடி, பெட்டிக்குள் பஞ்சு வைத்து மறுபடி, அதை எடுத்துவிட்டு மறுபடி.

ஒரு காலையில் பக்கத்து வீட்டு ருக்குமணி அக்கா வாசலில் வந்து நின்றார். சண்டைதான் என்று மன்னிப்புக் கேட்கத் தயாரானேன். ஆனால் அவர் முகத்தில் இருந்தது கவலை, இடுப்பில் ஒரு குடம். "உங்க மோட்டாரு ரொம்ப நேரமா வெறும் காத்தத்தான் இழுக்குது கண்ணு. காயில் எரிஞ்சுரும், நிறுத்திரு. தண்ணி வர்ற வரைக்கும் இந்தக் குடத்த வெச்சுக்க."

நிலக்கடலைக் காட்டில் ஒரு பள்ளம்

அறைக்குள் அளந்தால் சுவரில் பட்டுத் திரும்பும் சத்தமும் மைக்கில் விழும். சுவரே இல்லாத இடம் வேண்டும். நல்லம்பள்ளிப் பக்கம் முருகேசனுக்குத் தெரிந்த கோவிந்தன் அண்ணன், கடலை பிடுங்கிய காட்டைக் கொடுத்தார். ஸ்பீக்கரை மல்லாக்கப் படுக்க வைத்து, மேலே மூங்கிலில் மைக்கைக் கட்டினோம். எல்லாம் அருமையாக வந்தது. கோட்டின் நடுவில் மட்டும் ஒரு பள்ளம், அதுவும் ஒவ்வொரு தடவையும் இடம் மாறியது.

ஸ்பீக்கரைக் கழற்றினோம், வயரை மாற்றினோம். பாதிப் பகல் போனபிறகுதான் கவனித்தேன். அண்ணன் மைக்குக்குப் பக்கத்திலேயே கைகட்டி நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் அவர்மேல் பட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. கூச்சத்தோடு, வரப்புக்குப் போய் நிற்கச் சொன்னேன். பள்ளம் மறைந்தது. திரும்பி வந்து இரண்டு கோடுகளையும் நெடுநேரம் பார்த்தார். "அப்ப எங்காட்டுல நாந்தான் எடைஞ்சலாயிட்டனா?"

படத்தை அனுப்பாதீங்க

தருமபுரியில் வங்கி வேலை பார்ப்பவர் ஒருவர், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கிட்டார் வாசிப்பவர். இணையத்தில் படித்துவிட்டு, வெளிநாட்டுக் கெபாசிட்டர் ஒன்றை வரவழைத்துத் தன் ஆம்பில் தானே மாட்டியிருந்தார். ஒலி தேன் மாதிரி ஆகிவிட்டதாம், எவ்வளவு தேன் என்று அளந்து சொல்ல வேண்டுமாம். பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றி மாட்டி அளந்தேன். ஒரு கோட்டின்மேல் இன்னொன்று அப்படியே படுத்துக்கொண்டது. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். "சரிங்க மேடம், ரெண்டும் ஒண்ணுதான். ஆனா சூப்பரா மாறிடுச்சுன்னு எங்க வூட்டுக்காரம்மாகிட்ட சொல்லிட்டேன். இந்தப் படத்தை மட்டும் வாட்ஸப்ல அனுப்பிடாதீங்க."

நாப் யார் கையில்

ஜெயராஜ் அண்ணன் பாப்பிரெட்டிப்பட்டிக்காரர். வாலிப வயதிலிருந்து கச்சேரி மேடைகளில் டிரம்ஸுக்குப் பக்கத்தில் நின்றே கிட்டார் வாசித்தவர். இப்போது சர்ச்சில் வாசிக்கிறார். எங்களிடம் வாங்கிய ஆம்பில் கீச்சுச் சத்தம் செத்துவிட்டது என்று கொண்டுவந்தார். அளந்தேன். புதிதில் எடுத்த கோடும் இதுவும் ஒன்றே. திருப்பிக் கொடுத்தோம். மறுபடி வந்தார். சர்ச்சில் இவர் கீச்சைக் கூட்டக் கூட்ட எல்லாரும் காதைப் பொத்துகிறார்கள், இவருக்கு மட்டும் கேட்கவில்லையாம்.

எனக்குப் புரிந்துவிட்டது, சொல்லத்தான் வாய் வரவில்லை. முருகேசன் தலையைக் குனிந்து மரத்தைத் தேய்க்கப் போய்விட்டார். அளவுச் சத்தத்தைச் சன்னமாக விட்டு, "கேக்கிற வரைக்கும் கையத் தூக்கிட்டே இருங்கண்ணா" என்றேன். துணைக்கு வந்திருந்த அவர் மனைவி ஸ்டெல்லா அக்காவும் விளையாட்டாகக் கையைத் தூக்கினார். விசில் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே அண்ணன் கை இறங்கியது. அக்காவின் கை மேலேயே நின்றது. அண்ணன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் கேக்குதா உனக்கு?" அக்கா கையை இறக்கி, அவர் தோளில் வைத்தார்.

காது டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். தலையாட்டினார். பிறகு, "வாசிக்கிறத நிறுத்தணுமா?" என்று மெதுவாகக் கேட்டார். வேண்டாம் என்றேன். அவரை வாசிக்கச் சொல்லி, அக்காவை எதிரே உட்கார வைத்தேன். அக்கா, கீச்சைக் கூட்டிக் குறைக்கிற டிரெபிள் நாபைத் திருப்பித் திருப்பிக் கேட்டு, ஓரிடத்தில் நிறுத்தி, அங்கே வெள்ளை பெயின்டால் ஒரு புள்ளி வைத்தார். அண்ணன் புள்ளியைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பெட்டியை ஆட்டோவில் ஏற்றும்போது அக்கா என்னிடம் சொன்னார்: "கல்யாணம் ஆனதிலிருந்து சத்தத்தக் குறைங்கன்னு கெஞ்சிட்டு இருக்கேன். இப்பத்தான் நாப் என் கைக்கு வந்திருக்கு. சந்தோசப்படத்தான் முடியல."

இவ்வளவு நாளில் தேறியது இதுதான்: திரையில் கோடு நேராக வந்த பிறகும், எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகம் நேராவதற்கு இன்னொரு டீ வைத்து, கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.